குடியிருப்புகளின் எண்ணிக்கை

மைமூன் அக்கா என் அலுவலகப் படியேறி வந்தபோது அவர் வீட்டு வாசலில் செங்கல் லோடு ஏற்கெனவே இறங்கியிருந்தது. எல்லோரும் இப்படித்தான் வருவார்கள். முதலில் கொத்தனாரைப் பார்ப்பார்கள், அப்புறம் மணல், கம்பி, சிமென்ட். யாராவது வந்து நிறுத்தச் சொன்ன பிறகுதான் பிளான் போட ஆள் தேடுவார்கள். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ஒரு செல்போன் கடைக்கு மேலே எனக்கு ஒரு சின்ன அறை. கதவில் 'கலைமதி, பதிவு பெற்ற பொறியாளர்' என்று எழுதியிருக்கும். கீழேயே 'கட்டுவதற்கு முன் வரவும்' என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை இதுவரை ஒருத்தர்கூடப் படித்ததாகத் தெரியவில்லை.

"மாடியில ஒரே ஒரு ரூம்பு மேடம், கூட ஒரு பாத்ரூம்பு. அதுக்குப் போயி அப்ரூவல் கேக்குறாங்க. பஞ்சாயத்து செக்ரட்டரி வந்து, ஒரு கல்லு ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"ரூம்பு ஒண்ணோ ஒம்போதோ, புதுசா கட்டுனா அனுமதி வேணும்க்கா."

"எவ்ளோ ஆவும்? குடுக்க வேண்டியவங்களுக்கெல்லாம் சேத்தே சொல்லிடுங்க. எங்கூட்டுக்காரர் ஷார்ஜாவுல கீறாரு, அனுப்பச் சொல்றேன்."

குடுக்க வேண்டியவங்க என்று யாரும் இல்லை, கட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கட்டணம் வைத்திருக்கிறது, ஆன்லைனில் கட்டலாம், ரசீது வரும், வரைபடத்துக்கு எனக்குத் தனியாகத் தர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு லஞ்சம் என்றால் நிம்மதி, ரசீது என்றால் சந்தேகம். இன்னும் ஏதோ பெரிய செலவை நான் மறைப்பதாக நினைத்தபடி கட்டைப்பையைக் கவிழ்த்தார். பட்டா, பத்திர நகல், வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, யாருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ ஒன்று. கொண்டுவரச் சொன்னால் வீட்டில் இருக்கும் காகிதம் அத்தனையும் வந்துவிடும்.

பட்டாவில் இரண்டு பெயர் இருந்தது. மைமூன், நஸ்ரியா.

"இது யாருக்கா?"

"தங்கச்சி." காலிப் பையை நான்காக மடித்தார். "அவ பேரு இதுல எதுக்கு மேடம்? அவ வூடு தனி. பின்னாடித் தெரு."

அளக்க வருகிறேன், வந்து பார்த்தால்தான் தெரியும் என்று அனுப்பிவைத்தேன்.

கூனிமேட்டில் அந்த மனை இரண்டு தெருவுக்கும் குறுக்கே நீளமாகக் கிடக்கிறது. முன்தெருப் பாதி மைமூன் அக்காவுக்கு, பின்தெருப் பாதி நஸ்ரியாவுக்கு என்று அவர்களுடைய அம்மா ஜமாத் பெரியவர்கள் எதிரில் வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. அந்தத் தெருக்களில் பல வீடுகளுக்கு இப்படி ஒரு நடுக்கதவு உண்டு. பெண்கள் தெருவைச் சுற்றிப் போக மாட்டார்கள். உள்ளுக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குழம்புக்கிண்ணமும் கைக்குழந்தையும் செய்தியும் அந்த வழியாகத்தான் போய் வரும். மைமூன் அக்கா வீட்டு நடுக்கதவின் முன்னால் அரிசி டிரம் ஒன்று நின்றது. நகர்த்தி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அடியில் சிமென்ட் தரை நிறம் மாறியிருந்தது.

நான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறு முனையை மைமூன் அக்காவின் மகள் நிஷாத் பிடித்தாள். இருபத்தைந்துக்குள்தான் வயது இருக்கும். ஒரு கையில் டேப், இடுப்பில் பெண்குழந்தை. குழந்தையை இறக்கிவிட்டால் நேராகப் போய் டிரம்முக்குப் பின்னால் நுழையப் பார்த்தது, அதனால் இறக்கவே இல்லை. வீட்டில் இரண்டு அறை. ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று அண்ணன் உமைருக்கும் அவன் மனைவிக்கும். நிஷாத்துக்குக் கூடம். பகலில் சுருட்டி வைத்த பாய் மூலையில் நின்றது. உமைரின் சிநேகிதர்களோ கொத்தனாரோ கரன்ட் பில் பார்க்கிறவரோ ஆண்கள் யார் வந்தாலும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போக வேண்டும். அன்றைக்கு நான் இருந்த கொஞ்ச நேரத்திலேயே அப்படி இரண்டு தடவை போனாள். இரண்டாவது தடவை குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் குழந்தையை அடுப்பங்கரையில் நின்றபடி தோளில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாடிக்கு ஏணியில் ஏற வேண்டியிருந்தது. இரும்பு ஏணி, சுவரில் சாய்த்து வைத்தது. எனக்கு ஏணி பழக்கம். மைமூன் அக்கா கீழே நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் இறங்கும்வரை ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

"படி எங்கக்கா?"

"படி அவ பக்கம் போயிடுச்சி."

பிறகு சொன்னார். நஸ்ரியாவுக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை இந்த வீட்டுக்கே வந்தபோது அவரோடு அவருடைய பத்து வயதுத் தம்பி ஒருவனும் வந்தான், முஜீப் ரஹ்மான். தாயில்லாத பையன். நஸ்ரியாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை, அவனைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். அவன் வளர்ந்ததும் அக்கா மகள் நிஷாத்தையே அவனுக்குக் கேட்டாள். நிக்காஹ் முடிந்து பெண்ணை அனுப்பியது இந்த நடுக்கதவு வழியாகத்தான். கார் வைக்கவில்லை, தெருவில்கூட இறங்கவில்லை. ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் முஜீப் மலேசியா போனான். முதலில் போன் வந்தது, அப்புறம் நின்றது. பணமும் இல்லை, பேச்சும் இல்லை. அங்கே வேறு குடும்பம் இருப்பதாக ஒருத்தர் சொன்னார், இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். காத்துக் காத்துப் பார்த்து நிஷாத் ஜமாத்தில் போய்ப் பிரிவு கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். நஸ்ரியா மட்டும், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம், அவன் வந்துவிடுவான் என்றாள். அன்றைக்கு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதுதான் கடைசி. நிஷாத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே கதவு வழியாக இந்தப் பக்கம் வந்தாள். மைமூன் அக்கா டிரம்மை நகர்த்தி வைத்தார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"செக்ரட்டரிக்குப் பெட்டிஷன் போட்டதும் அவதான் மேடம். வேற யாரு போடுவா?"

யாரும் போடவில்லை. செங்கல் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதில் செக்ரட்டரியின் பைக் போக முடியவில்லை, இறங்கி விசாரித்திருக்கிறார். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் மைமூன் அக்காவிடம் சொல்லியும் அவர் நம்பவில்லை.

அன்று மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் முழுதாகத் தெரிந்தது. சின்ன வீடுகளுக்கு இப்போது சுயசான்று முறை. நாமே உண்மையைச் சொல்லி, ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, பணம் கட்டினால் அனுமதி வந்துவிடும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கேட்கும் கேள்விகளில் ஒன்று, குடியிருப்புகளின் எண்ணிக்கை. இரண்டு வீடு என்று சொன்னால் இடையில் காலியிடம் விட வேண்டும், மனையைப் பத்திரப்படி பிரித்துக் காட்ட வேண்டும். இடம் விட்டால் மைமூன் அக்கா கட்ட நினைத்த அறையில் ஒரு கட்டில்கூடக் குறுக்கே விழாது. பாத்ரூமுக்கு வழியே இல்லை. முன்பக்கம் படி வைக்கலாம் என்றால் சுவர் தெருவரைக்கும் வந்துவிட்டது. ஒரே வீடு என்று சொன்னால் எல்லாம் சரியாக விழும். நடுச்சுவர் வெறும் உள்சுவர், நடுக்கதவு வெறும் உள்கதவு, படி ஏற்கெனவே இருக்கிற இடத்திலேயே. ஆனால் பட்டாவில் இருக்கும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தவிர நிஷாத் தன் அறைக்குப் போக ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து, சித்தி வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

மைமூன் அக்காவின் கணவர் நூர் முஹம்மது ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தார். தொப்பியும் கண்ணாடியுமாகச் சாந்தமான முகம்.

"ரெண்டு வூடுன்னே போட்டுடுங்க மேடம். பின்னால எடம் வுட்டா மாதிரி வரைஞ்சிடுங்க. யாரு வந்து ஏறிப் பாக்கப் போறா?"

"சுயசான்றுன்னா நாம சத்தியம் பண்ற மாதிரிங்க பாய். பொய்யின்னு தெரிஞ்சா அனுமதியே ரத்தாயிடும், கட்டுனத இடிக்கச் சொல்லுவாங்க. என் லைசென்சும் போயிடும்."

"அப்ப ஒரே வூடுன்னு போட்டுடுங்க."

"அதுக்கு உங்க மச்சினிச்சி கையெழுத்து வேணும்."

அவர் முகம் அப்படியே திரையில் நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் சுவர்க்கடிகாரத்தின் முள் ஓடிக்கொண்டிருந்தது.

பிளான் போடுகிறவளுக்கு இந்த வேலை கிடையாது. கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுக்க வேண்டியதுதான். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வருவதற்குள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்தார்கள். அதனால் குடும்பச் சண்டைக்குள் நான் தலையை விடுவதே இல்லை. ஆனாலும் மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். தோளில் தூங்கிய அந்தக் குழந்தை என்னைச் சும்மா விடவில்லை.

நஸ்ரியாவுக்கு அக்காவின் முகம்தான், கொஞ்சம் ஒல்லி. நான் யாரென்று சொல்லும் முன்பே தெரிந்திருந்தது. உள்ளே உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பெட்டிஷன் நான் போட்டேன்னு சொல்றாங்களாமே?"

"நீங்க போடலன்னு எனக்குத் தெரியும்க்கா."

"அவங்களுக்குத் தெரியணும்ல."

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மாடியில் வரப்போகும் அறையின்மேல் விரலை வைத்து, இது கிழக்கா என்று கேட்டார். ஆமாம், ஜன்னலில் கடல் காற்று வரும் என்றேன். விரலை எடுத்துக்கொண்டார்.

"முஜீப்புக்குக் கல்யாணம் பண்ணப்ப நானே கட்டணும்னு நெனச்ச ரூம்பு மேடம் இது. அதே எடம்தான், அப்ப எது யாரு மாடின்னு பிரிச்சுப் பாக்கல. எங்கூட்டுக்காரருக்கு அப்ப சவுதியில வேல போயிடுச்சி, கட்ட முடியல." காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இப்ப நான் இதுல கையெழுத்துப் போட்டா இன்னா அர்த்தம்? அவன் வர மாட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதா?"

அவன் வர மாட்டான் என்பது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்ல வைக்கத்தான் நான் வந்திருக்கிறேன். இது அனுமதிக்கான சம்மதம் மட்டும்தான்க்கா, வேறு எதற்கும் இல்லை என்று சொன்னேன். சொன்ன எனக்கே அது பொய்யாகப் பட்டது.

"எங்க அக்கா வந்து கேக்கட்டும்" என்றார்.

அது நியாயம்தான். ஆனால் மைமூன் அக்கா வர மாட்டார், பெட்டிஷன் போட்டவள் வாசலில் நான் ஏன் நிற்க வேண்டும் என்பார். காகிதத்தை மடித்தேன். எப்படியும் பழைய படியை அளந்துகொண்டு போகலாம், இன்னொரு முறை வர வேண்டாமே என்று கேட்டேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

முற்றத்தின் ஓரத்தில் செங்கல் படி, நடுக்கதவுக்குப் பக்கத்திலேயே. அவர்கள் அம்மா காலத்தில் கட்டியது, ஒவ்வொரு படியும் அளவுக்கு மேல் உயரமாக இருந்தது. கதவிலிருந்து படிவரைக்கும் அளக்க வேண்டும், சுவரின் கனமும் வேண்டும். கதவு திறக்காமல் கனம் தெரியாது. அதைச் சொன்னதும் நஸ்ரியா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ தந்திரம் செய்கிறேன் என்பதுபோல. சத்தியமாகத் தந்திரம் இல்லை, கனம் தெரியாமல் வரைபடம் ஏற்க மாட்டார்கள். நான் மைமூன் அக்காவுக்குப் போன் போட்டு, டிரம்மைக் கொஞ்சம் நகர்த்துங்கள், சுவரை அளக்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் டிரம் இழுபடும் சத்தம் கேட்டது. நஸ்ரியா தாழ்ப்பாளை இழுத்தார். துரு பிடித்திருந்தது, இரண்டு கையும் போட்டுத்தான் இழுக்க முடிந்தது.

கதவு திறந்தது. அந்தப் பக்கம் மைமூன் அக்கா நின்றார். நிலைப்படியைத் தாண்டவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் டேப்பை வைத்துக்கொண்டு குந்தினேன்.

"இந்தப் படி இப்பிடியே இருக்கலாமான்னு கேளுங்க மேடம்" என்றார் மைமூன் அக்கா, மூன்று அடி தூரத்தில் நின்ற தங்கையைப் பார்க்காமல்.

"இருக்கக் கூடாதுக்கா. ரொம்ப ஒயரம். விதிப்படி தாழ்த்தி, புதுசா கட்டணும்."

"புதுசா கட்டுற செலவு எங்களுதுதான்னு சொல்லுங்க."

"செலவு யாரு கேட்டாங்கன்னு கேளுங்க மேடம்" என்றார் நஸ்ரியா.

நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சுவர் கனத்தைக் குறித்துக்கொண்டேன். கூடத்தில் குழந்தையின் சத்தம் கேட்டது, எதையோ தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. நிஷாத் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தாள் போலும். நஸ்ரியா அந்தச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். இத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இந்தக் குரலைக் கேட்டிருப்பார். நடை பழகிய வயதில் அங்கே போன அது, அவர் குளிப்பாட்டி, தூங்க வைத்து வளர்த்த குழந்தை. ஒரு கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து பார்த்ததாகவும், அப்போதும் குழந்தையை யாரோ தூக்கி வைத்திருந்ததாகவும் சர்பத் கொடுத்தபோது என்னிடம் சொல்லியிருந்தார்.

"புதுப் படி எவ்ளோ ஒயரம் வரும்?" நஸ்ரியா என்னிடம்தான் கேட்டார்.

நான் டேப்பைப் பழைய படியின் பக்கவாட்டில் வைத்து, இந்த அளவு என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கோட்டில் தன் விரலை வைத்தார்.

"இதுவே ஜாஸ்தி. புள்ளைக்குக் கால் எட்டாது. தாவித் தாவி ஏறி வுழுந்துடும்." அவர் நிமிர்ந்து, காற்றில் கையைத் தட்டையாகப் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. "இவ்ளோதானே மேடம் இருப்பா."

நான் டேப்பைச் சுருட்டவில்லை. குழந்தை பாடுவதை நிறுத்தியிருந்தது.

மைமூன் அக்கா நிலைப்படியைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்தார். தங்கையின் அருகில் வந்து, காற்றில் நின்ற அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, மெதுவாக மேலே தூக்கினார். தொடையைத் தாண்டி இடுப்புவரைக்கும் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். நஸ்ரியா தன் கை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கையைக் கீழே போடவில்லை.